கடப்பாக்கல் இடுக்குக்கு எந்த கிரவுட்? மூன்று தரையில் மூன்று வகை போட்டுப் பார்த்தேன்

சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டை அப்பா 1996-இல் கட்டினார். கூடத்துக்கு மொசைக், பூஜை அறைக்கு வெள்ளை மார்பிள், சமையலறைக்கும் பின்தாழ்வாரத்துக்கும் கடப்பாக்கல். இத்தனை வருடத்தில் ஒரு கல்கூட உடையவில்லை. இடுக்குதான் போய்விட்டது. சமையலறையில் சில இடங்களில் விரல்நகம் முழுதாக உள்ளே இறங்கும். தரையைத் துடைத்தால் அழுக்குத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் போய் நிற்கும். மழைக்காலம் வந்தால் செவ்வெறும்பு மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். அம்மா காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் அந்த மண்ணைத்தான் கூட்டுவார்.

முதலில் ஆள் வைத்துத்தான் செய்தோம். 2023 ஜூனில் ஒரு கொத்தனார் வந்தார். வெள்ளை சிமெண்டில் கறுப்பு ஆக்ஸைடு பொடியைக் கலந்து, கஞ்சி போலக் கரைத்து, தரை முழுக்க ஊற்றி விளக்குமாற்றால் தள்ளினார். பழைய சாந்தைத் தோண்டவில்லை, மேலே இருந்த தூசியை மட்டும் கூட்டிவிட்டார். இரண்டு நாள் வேலை, கூலியும் சாமானுமாக 4,200 ரூபாய். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்டோபர் வருவதற்குள் எல்லா இடுக்கிலும் தலைமுடி போல விரிசல். பிறகு அது பொடிந்து விளக்குமாற்றோடு வர ஆரம்பித்தது.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. கல்மேல் படிந்த சிமெண்ட் படலத்தை எடுக்க அவர் ஆசிட் ஊற்றினார். குளியலறை டைல்ஸுக்கு ஊற்றும் அதே ஆசிட். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டதும் நுரைத்துப் பொங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தால், இருபது வருடமாகக் கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்த கல் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. பிரிட்ஜ் பக்கம் ஏழெட்டு கல் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. கடப்பா, கோட்டா, தாண்டூர், ஷாபாத் எல்லாமே சுண்ணாம்புக்கல்தான். மார்பிளும் அந்தக் குடும்பம். வீட்டில் இந்தக் கல் இருந்தால் எவர் வேலைக்கு வந்தாலும் முதல் பேச்சே "ஆசிட் வேண்டாங்க" என்பதாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நானே செய்வது என்று முடிவெடுத்தேன். 2024 ஜனவரியில் பூஜை அறை, பிப்ரவரியில் தாழ்வாரம், ஏப்ரலில் சமையலறை. மூன்றுக்கும் மூன்று வகை கிரவுட், அதாவது கல்லுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்கும் கலவை. சமையலறை முடிந்து பதினோரு மாதம் ஆகிறது. ஒரு மழைக்காலம், ஒரு தீபாவளி பலகாரம், ஒரு பொங்கல் எல்லாம் பார்த்தாயிற்று. இனி சொல்லலாம் என்று தோன்றுகிறது.

கடைக்குப் போவதற்கு முன் தெரிய வேண்டியது இடுக்கின் அகலம். அளக்க ஸ்கேல்கூட வேண்டாம். தீக்குச்சி இறுக்கமாக நுழைந்தால் சுமார் 2 மி.மீ. பென்சில் இறங்கினால் 7 மி.மீ. எங்கள் பூஜை அறை தீக்குச்சி, தாழ்வாரம் பென்சில், சமையலறை இரண்டுக்கும் நடுவே சுமார் 5 மி.மீ. இந்த அகலத்தைப் பொறுத்துத்தான் கிரவுட் மாறும். 3 மி.மீ வரைக்கும் மணல் சேராத, மாவு போன்ற கிரவுட். அதற்கு மேல் நுண்மணல் கலந்தது. மாவு கிரவுட்டை அகல இடுக்கில் அடைத்தால் காய்கிறபோது சுருங்கி நடுவே பிளந்துவிடும். கொத்தனார் போட்ட வெள்ளை சிமெண்ட் விரிசல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். மணல்தான் சுருங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. அதற்காக மணல் கிரவுட்டையே எங்கும் போடலாம் என்றும் இல்லை. பாலிஷ் போட்ட மார்பிள்மேல் அதைத் தேய்த்தால் கீறல் விழும்.

செவ்வாய்ப்பேட்டையில் நான் போன கடையில் ராஃப், லாட்டிகிரீட், வெபர் என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ராஃப் என்பது ஃபெவிகால் செய்யும் பிடிலைட் கம்பெனியுடையது. எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே கம்பெனி சாதா சிமெண்ட் கிரவுட்டும் விற்கிறது, பாலிமர் சேர்த்ததும் விற்கிறது, சிமெண்டே இல்லாமல் பிளாஸ்டிக் போல இறுகும் எபாக்ஸியும் விற்கிறது. ஆகவே கம்பெனிப் பெயரைவிட வகை முக்கியம். சில பாக்கெட்டுகளின் பின்பக்கம் இஎன் 13888 என்ற தரக்குறியீடும் பக்கத்திலேயே சிஜி1, சிஜி2, ஆர்ஜி என்று ஏதாவது ஒன்றும் அச்சிட்டிருக்கும். சிஜி என்றால் சிமெண்ட் கிரவுட். அதில் 2 என்பது 1-ஐவிட மேம்பட்டது. அதோடு டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும், ஏ இருந்தால் தேய்மானத்தைத் தாங்கும். ஆர்ஜி என்றால் ரெசின், அதாவது எபாக்ஸி வகை. அந்த இரண்டு மூன்று எழுத்தைப் படித்துவிட்டால் விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டியதில்லை.

எவ்வளவு வாங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கல்லின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, நீளம் பெருக்கல் அகலத்தால் வகுக்க வேண்டும். வருவதை இடுக்கின் ஆழத்தாலும் அகலத்தாலும் பெருக்கி, கடைசியில் 1.7-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். எல்லா அளவும் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். எங்கள் சமையலறையில் கல் இரண்டடிக்கு இரண்டடி, ஏறக்குறைய 600 மி.மீ. இடுக்கு 5 அகலம், 12 ஆழம். சதுர மீட்டருக்கு 340 கிராம் வந்தது. அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, சுமார் 11 சதுர மீட்டர். ஆக 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சேதாரத்துக்குச் சேர்த்து 5 கிலோ வாங்கினேன். கடைக்காரர் 10 கிலோ சொல்லியிருந்தார்.

பூஜை அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்துக்கு ஆறு அடி, மெல்லிய இடுக்கு. வெள்ளை நிற மாவு கிரவுட் ஒரே ஒரு கிலோ, 80 ரூபாய். வெள்ளை மார்பிளுக்கு சாம்பல் சிமெண்ட் கிரவுட்டோ கறுப்போ போடவே கூடாது. நிறம் கல்லின் ஓரம் வழியாக உள்ளே ஊறி, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி கறை தெரியும். நான் முதலில் கல்லுக்கு, கறை உள்ளே ஊறாமல் தடுக்கும் சீலர் பூசி, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம்தான் கிரவுட்டைத் தொட்டேன். சீலர் அரை லிட்டர் 650 ரூபாய். கிரவுட்டைவிட எட்டு மடங்கு விலை, ஆனால் கறை ஒன்றும் இல்லை. எலுமிச்சை விளக்கு ஏற்றும் இடத்தில் மட்டும் பழைய வெளுத்த வட்டங்கள் இருக்கின்றன. சாறு அரித்தது. அது கிரவுட்டால் சரியாகிற விஷயம் இல்லை. இப்போது தட்டு வைத்து ஏற்றுகிறோம்.

தாழ்வாரத்தில்தான் தோண்டுகிற வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எட்டுக்கு இருபது அடி, ஒன்றரை அடிக் கல். கட்டிங் மிஷின் வைத்தால் சீக்கிரம் முடியும் என்று தம்பி சொன்னான். ஒரு மூலையில் வைத்துப் பார்த்தோம். கல்லின் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. உடனே நிறுத்திவிட்டேன். ஆக்ஸா பிளேடை உடைத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கையாலேயே அறுத்து அறுத்துத் தோண்டினேன். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஒன்பது நாள். கல் 20 மி.மீ கனம், அதில் 12 மி.மீ ஆழம் வரை பழைய சாந்தை எடுத்தேன். மேலோட்டமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுரண்டிவிட்டு அடைத்தால் புது கிரவுட்டுக்குப் பிடிமானமே இருக்காது. அப்பளம் போலப் பெயர்ந்து வந்துவிடும். மூக்குக்கு நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கடைசியில் வேக்குவம் கிளீனர் வைத்து இழுத்தேன். விளக்குமாறு தூசியை இடுக்குக்குள்ளேயே தள்ளுகிறது.

தாழ்வாரத்துக்கும் எபாக்ஸியே போடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அதற்கு முன் ஒரு சோதனை. ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட தரையில் இடுக்கை எபாக்ஸியால் இறுக்கி மூடினால், அந்த ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். கல்லில் உப்பு பூக்கும், மேல்தோல் உரியும். சிமெண்ட் கிரவுட் கொஞ்சம் மூச்சு விடும். அதனால் மணல் கலந்த, பாலிமர் சேர்த்த சிமெண்ட் கிரவுட் 10 கிலோவும், தண்ணீருக்குப் பதிலாகக் கலக்கும் பால் மாதிரியான லேடக்ஸ் 3 லிட்டரும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 1,760 ரூபாய்.

கலக்குகிற பதம் முக்கியம். தோசை மாவு பதத்தில் கலந்தால் தள்ள சுலபமாக இருக்கும், காய்ந்ததும் விரிசல் விடும். கெட்டித் தேங்காய்த் துவையல் பதம் வேண்டும். கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. கலந்து ஏழெட்டு நிமிடம் சும்மா வைத்துவிட்டு மறுபடி ஒரு கிளறு. அதன்பிறகு கெட்டியாகிறதே என்று தண்ணீர் விடக் கூடாது. இடுக்கை முன்கூட்டியே லேசாக ஈரப்படுத்த வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வறண்ட கல் கிரவுட்டில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

அடியில் ரப்பர் வைத்த கட்டையால் இடுக்குக்குக் குறுக்கே, சாய்வாகத் தேய்த்தேன். இடுக்கு போகும் திசையிலேயே தேய்த்தால் கட்டையின் விளிம்பு உள்ளே இறங்கி, அடைத்ததையே வழித்துக்கொண்டு வரும். இருபது நிமிடம் கழித்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்தேன். ஒரு மணி நேரத்தில் கல்மேல் வெண்படலம் தெரிந்ததும் உலர்ந்த பழைய வேட்டித் துணியால் தேய்த்து எடுத்தேன். அந்த நேரத்தில் எடுத்துவிட்டால் ஆசிட் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் மூன்று நாள் காலையும் மாலையும் பூச்செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் தண்ணீர் தெளித்தேன். சேலத்து வெயிலில் பிப்ரவரியிலேயே மதியம் சுடுகிறது. சிமெண்ட் இறுகுவதற்கு முன்பே காய்ந்துவிட்டால் பொடியாகத்தான் போகும். இந்த மூன்று நாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது சமையலறை. இங்கே எபாக்ஸிதான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புளித்தண்ணீர், மஞ்சள், எண்ணெய், குழம்பு எல்லாம் தினமும் சிந்துகிற இடம். சிமெண்ட் கிரவுட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மஞ்சளைக் குடித்துவிடும்; புளியும் எலுமிச்சையும் அதை மெல்ல அரிக்கும். எபாக்ஸி குடிக்காது. பிளாஸ்டிக் தாள் சோதனையிலும் சமையலறைத் தரை உலர்ந்தே இருந்தது. அடித்தளம் அங்கே இரண்டடி உயரம்.

ஆனால் எங்கள் சமையலறைக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அம்மா கடப்பாக்கல்லுக்கு எண்ணெய் தடவுவார். வெள்ளிக்கிழமை தரையைத் துடைத்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு ஓட்டு ஓட்டினால் கல் கருகருவென்று மின்னும். இந்தப் பக்கம் நிறைய வீட்டில் உள்ள பழக்கம்தான். இருபத்தைந்து வருட எண்ணெய் இடுக்கின் இரண்டு ஓரத்திலும் ஊறியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாமரை இலைமேல் நிற்பது போல உருண்டு நின்றது. எண்ணெய்மேல் எந்த கிரவுட்டும் ஒட்டாது. கொத்தனார் போட்டது அவ்வளவு சுலபமாகப் பெயர்ந்ததற்கு இதுவும் சேர்ந்திருக்கும்.

வாஷிங் சோடாவைக் கொதிநீரில் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்கையும் மூன்று தடவை தேய்த்தேன். நன்றாகக் கழுவி, நாலு நாள் காற்றாட விட்டேன். கடைசியில் சிலிண்டரை மூடி வெளியே வைத்துவிட்டு, ஜன்னல் எல்லாம் திறந்து, அசிட்டோன் நனைத்த துணியால் இடுக்கின் ஓரங்களைத் துடைத்தேன். தண்ணீர்ச் சொட்டு பரவி ஊற ஆரம்பித்த பிறகுதான் அடுத்த வேலை. அந்த நாலு நாளும் கூடத்தில் இன்டக்ஷன் அடுப்பு வைத்துச் சமைத்தோம். அம்மா ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. "செய்யறதே செய்யற, நல்லாவே செஞ்சிரு கண்ணு" என்றார்.

எபாக்ஸி கிரவுட் பெரும்பாலும் மூன்று பாகமாக வரும். லாட்டிகிரீட் எஸ்.பி-100 அப்படி வருவதுதான். ரெசின் ஒரு பை, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு பை, நிறமுள்ள பொடி ஒரு பாக்கெட். முதலில் இரண்டு திரவத்தையும் நன்றாகக் கலந்து, பிறகு பொடியைச் சேர்க்க வேண்டும். திரவத்தைப் பாதியாகப் பிரித்துக் கலக்கலாம் என்று நினைக்காதீர்கள். விகிதம் கொஞ்சம் மாறினாலும் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். அதனால்தான் 5 கிலோ டப்பாவை விட்டு, ஒரு கிலோ பாக்கெட்டாக ஐந்து வாங்கினேன். ஒன்று 720 ரூபாய். ஒரு நேரத்தில் ஒரு பாக்கெட், முழுதாக. எங்கள் இடுக்குக்கு ஒரு பாக்கெட் 30 சதுர அடி வந்தது. கைக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம். ரெசினும் ஹார்ட்னரும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், வந்தால் விடாது.

முதல் பாக்கெட்டில் தவறு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆரம்பித்தேன். பக்கெட்டிலேயே கலந்து, பக்கெட்டிலிருந்தே எடுத்து எடுத்து அடைத்தேன். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கையாளலாம் என்று பாக்கெட்டில் இருந்ததை நம்பியிருந்தேன். அது குளிர்ந்த அறைக்கான கணக்கு. ஏப்ரல் மாதச் சேலத்தில் இருபத்தைந்து நிமிடத்தில் பக்கெட் சூடேறி, மீதி மூன்றில் ஒரு பங்கு கல்லாக இறுகிவிட்டது. எபாக்ஸி கலந்ததும் தானே சூடாகும். ஒரே குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போகாமல் இன்னும் வேகமாக இறுகும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே தொடங்கினேன். கலந்த உடனே அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி வைத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் வரை இளகிய பதத்திலேயே இருந்தது. தினம் ஒரு பாக்கெட், நாலு நாள் காலை, ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்பே வேலை முடிந்தது.

துடைப்பதில்தான் எபாக்ஸி சோதிக்கிறது. சிமெண்டைப் போல அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. இருபது நிமிடத்துக்குள் வெள்ளை நைலான் பேடும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் வைத்து வட்டமாகத் தேய்த்து, ஸ்பாஞ்சால் இழுத்து, மறுபடி சுத்தமான தண்ணீரால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். கடைப்பையன் என்னிடம், "தண்ணீல வினிகர் ஊத்தித் துடைங்கக்கா, படலமே நிக்காது" என்று சொல்லியிருந்தான். கண்ணாடி மாதிரி இருக்கும் விட்ரிஃபைட் டைல்ஸுக்கு அது சரியாக இருக்கலாம். வீட்டில் மிச்சமிருந்த ஒரு கடப்பாத் துண்டில் அந்த வினிகர்த் தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மங்கலான திட்டு. அதோடு வினிகரை ஓரங்கட்டினேன். துண்டுக்கல் ஒன்று வீட்டில் இருந்தால் எதையும் முதலில் அதில் செய்து பாருங்கள்.

முதல் நாள் பரபரப்பில் ஒரு மூலையைச் சரியாகத் துடைக்கவில்லை. பாத்திர அலமாரிக்கு முன்னால் மூன்று கல்லில் படலம் இருந்துவிட்டது. நேராகப் பார்த்தால் தெரியாது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும் எண்ணெய் பூசினாற்போல ஒரு பூச்சு தெரியும். எவ்வளவு தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல் கறுப்பு, ஆகவே கிரவுட்டும் கறுப்பு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தாழ்வாரத்தில் நானும் கறுப்புதான் போட்டேன். சிமெண்ட் கிரவுட்டில் கறுப்பு ஒரே சீராக நிற்கவில்லை. காய்ந்த வேகத்துக்குத் தகுந்தபடி ஓரிடத்தில் கருமை, ஓரிடத்தில் வெளுப்பு. சுண்ணாம்பு மேலே வந்து பூத்தால் கறுப்பில் பளிச்சென்று தெரிகிறது. கடப்பாக்கல்லும் தூரத்திலிருந்து பார்த்தால்தான் கறுப்பு. கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது நீலம் கலந்த கருஞ்சாம்பல். அதனால் சமையலறைக்கு கல்லைவிட ஒரு படி வெளிறிய சாம்பல் நிறத்தை எடுத்தேன். தூசி படிந்தாலும் தெரிவதில்லை, கோடு தனியாகத் துருத்திக்கொண்டும் நிற்பதில்லை. தாழ்வாரத்தை மறுபடி செய்ய நேர்ந்தால் அங்கேயும் சாம்பல்தான் போடுவேன்.

கடையைப் பற்றி: சரக்கு நன்றாக வைத்திருக்கிறார்கள், பில் தருகிறார்கள், திறக்காத பாக்கெட் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது முணுமுணுக்காமல் பணம் தந்தார்கள். தயாரித்த தேதியைப் பார்த்து எடுத்துத் தரச் சொன்னேன், பின்வரிசையிலிருந்து புதிதாக எடுத்துக் கொடுத்தார்கள். சிமெண்ட் கிரவுட் பழசானால் பாக்கெட்டுக்குள்ளேயே ஈரம் ஏறிக் கட்டிதட்டிப் போகும். விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். ஆனால் கல்தரை என்று சொன்னாலும் டைல்ஸுக்கான பதில்தான் அங்கே கிடைக்கிறது. எந்தக் கல், எத்தனை மி.மீ இடுக்கு, கல்லுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு நிலவரம் இது. பூஜை அறையில் குங்குமம் கொட்டிய ஓரிடத்தில் வெள்ளை கிரவுட் ரோஸ் நிறமாகிவிட்டது, மற்றபடி உறுதி. தாழ்வாரத்தில் விரிசல் இல்லை. ஐப்பசி மழையில் துணி துவைக்கும் பக்கத்தில் லேசாக வெண்மை பூத்தது, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்ததும் போய்விட்டது. நிறம் மட்டும் திட்டுத் திட்டாக இருக்கிறது. சமையலறையில் புளி, மஞ்சள், முறுக்கு சுட்ட எண்ணெய் எதுவும் இடுக்கில் கறையாக நிற்கவில்லை, ஈரத்துணியில் வந்துவிடுகிறது. எறும்பு மண் ஒரு நாள்கூட வரவில்லை. 3,600 ரூபாய் கொடுத்ததில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அம்மா எண்ணெய்த் துணியை விட்டுவிட்டார். கல்லுக்கு வருடம் ஒரு தடவை சீலர் பூசலாம் என்று இருக்கிறோம்.

ஒரே ஓரிடம் தொல்லை கொடுக்கிறது. சமையலறையும் தாழ்வாரமும் சேரும் பின்வாசல் நிலைப்படி ஓரம். அங்கே எபாக்ஸியே நூல் மாதிரி விட்டிருக்கிறது. கதவு அடிக்கிற அதிர்வும், வெயில் படும் கல்லும் படாத கல்லும் வேறு வேறு அளவில் விரிவதும் அந்தக் கோட்டில்தான் வந்து முடிகின்றன. அசையும் இடத்துக்கும் சுவர் ஓரத்துக்கும் கிரவுட் கூடாது, வளைந்துகொடுக்கும் சிலிக்கான்தான் சரி என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அதிலும் கல்லுக்கென்று வரும் நியூட்ரல் சிலிக்கானாகப் பார்த்து வாங்க வேண்டும். காடி வாசனை அடிக்கும் சாதா சிலிக்கான் கல்லை அரிக்கும். ஒரு டியூப் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த மூன்றடிக் கோட்டை மட்டும் தோண்டிவிட்டு, வருகிற சனிக்கிழமை அடைக்க வேண்டும்.